ராசிக்கம்பி

கரட்டுப்பட்டி என்று ஒரு ஊர் இருந்தது. பாய் விரிக்கிற அளவுக்குக்கூடச் சமமான நிலம் அங்கே கிடையாது. வீடுகள் மேட்டில், உழுகிற காடுகள் சரிவில், கிணறு பள்ளத்தில். அந்த ஊருக்குச் செங்கோடன் என்பவர் ஒரு சிவப்பு டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார்.

டிராக்டரின் சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் மேலாக, இரண்டு கால் ஊன்றி ஓர் இரும்பு வளைவு நின்றது. வண்டி கவிழ்ந்தால் அந்தப் பாரத்தை ஆள்மேல் விழாமல் தன்மேல் வாங்கிக்கொள்வது அதன் வேலை. அது ஒன்றுதான் வேலை. சீட்டில் ஒரு பெல்ட் இருந்தது. கவிழ்கிற நேரத்தில் ஆளை வெளியே எறியவிடாமல், வளைவின் காவலுக்குள்ளேயே பிடித்து வைப்பது அதன் வேலை. இரண்டும் சேர்ந்திருந்தால் ஆள் பிழைப்பார்.

கரட்டுப்பட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அவர்கள் வண்டியில் பார்த்தது வேறு. பஸ் ஹாரனைத் தோற்கடிக்கிற ஒரு ஹாரன் இருக்கிறதா? இருந்தது. நாக்கைத் தொங்கப்போட்ட, முழி பிதுங்கிய ஒரு திருஷ்டி பொம்மை முகப்பில் தொங்குகிறதா? தொங்கியது. அவ்வளவு போதும், இனி எமனே வந்தாலும் வழிவிட்டு நிற்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வளைவைப் பார்த்ததும் மட்டும் முகத்தைச் சுளித்தார்கள். "ஏப்பா செங்கோடா, புது வண்டிக்கு இப்பவே பாடை கட்டிப்போட்டயா?" என்று ஒருவர் கேட்டார். ஊரே சிரித்தது. அன்று முதல் அதற்குப் பாடைக்கம்பி என்று பெயர்.

செங்கோடன் மானஸ்தர். மறுநாளே ஸ்பேனரோடு வந்து நின்றார். ஆனால் அவருக்கு முன்னால் அவர் மனைவி பாவாயி வந்து நின்றாள்.

"எங்கண்ணன் வண்டியில இது இல்லீங்க. அதான் அவரு நெசப் பாடையில போனாரு. இதைக் கழட்டறதா இருந்தா, மொதல்ல என்னைய எங்கூருக்குப் பஸ் ஏத்தி வுட்டுப்போட்டுக் கழட்டுங்க."

ஸ்பேனர் வீட்டுக்குள் போனது. பெல்ட் விஷயத்திலும் அவள் விடவில்லை. வெள்ளை வேட்டியில் குறுக்கே அழுக்குக் கோடு விழுகிறது என்று செங்கோடன் முணுமுணுத்தார். "துவைக்கறவ நானுங்க" என்று சொல்லி அவளே இழுத்து மாட்டிவிட்டாள்.

ஹாரனும் பொம்மையும் வளைவைப் பார்த்துக் கேலி செய்யாத நாள் இல்லை.

"நான் ஒரு சத்தம் போட்டா ஊரே திரும்புது. நீ என்னத்தைக் கண்டே? வந்ததுலேர்ந்து சும்மா நிக்கறே" என்றது ஹாரன்.

"அது நிக்கறதைப் பாத்தா எனக்கே பயமா இருக்குது" என்றது பொம்மை. அதன் முகத்தைப் பார்த்து மாடுகள் மிரண்டு ஓடுவது அதற்குத் தெரியாது.

வளைவுக்கும் வாய் குறைவில்லை. "கத்தறதும் முழிக்கறதும் ஒரு வேலையா? நான் வேலை செய்யற அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கே கெடக்கறீங்கன்னு பாக்கலாம்" என்றது. புகழ்ச்சி வேண்டாம், மாலை வேண்டாம், வந்த காரியம் நடந்தால் போதும் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. இதுவரை யாரும் புகழவில்லை என்பதால் அப்படி நினைப்பது அதற்குச் சுலபமாக இருந்தது.

கீழே, வண்டியின் பின்புறத்தில், தரையை ஒட்டி ஒரு கொக்கி இருந்தது. எதை இழுத்தாலும் அதில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். சேறு பூசிய மூஞ்சியோடு அது பாட்டுக்குக் கிடக்கும். அதை யாரும் கேலிகூடச் செய்யவில்லை.

மேட்டுக்காட்டில் முதல் நாள் ஏறியபோது வளைவு அந்தச் சரிவைக் கேட்டது. "ஏன் இப்படி வர்றவனையெல்லாம் தள்ளி வுடறே?"

"நானா?" என்றது சரிவு. "மலை தோணின நாள்லேர்ந்து படுத்த எடத்துல படுத்திருக்கறேன். ஒரு சாண் நகரலை. மேல வர்றவன் மெதுவா வந்தா எறங்கிப் போறான். என்னையத் தோசைக்கல்லுன்னு நெனச்சுத் திருப்பறவன் உருண்டு போறான். இதுல எனக்கு என்னப்பா பங்கு?"

ஐப்பசியில் ஒரு காலை. முந்தின நாள் மழை பெய்து மண் சொதசொதவென்று இருந்தது. செங்கோடன் சரிவுக்குக் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டில் யாரோ பார்க்கிறார்கள் என்றதும் அவருக்கு ஆக்ஸிலேட்டரில் கால் அழுந்தியது. கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அதே நேரத்தில் மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறியது. வண்டி சாயத் தொடங்கியது.

குதி என்றது செங்கோடனின் மனசு. எந்தப் பக்கம் குதிக்க? வண்டி எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம்தான். குதிக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் குதிக்கிறார்கள், அவர்கள்மேல் வண்டி வந்து விழுகிறது. பெல்ட் அவர் இடுப்பை விடவில்லை.

"புடிச்சுட்டேன்! நீ தாங்கு!" என்று கத்தியது பெல்ட்.

வளைவின் இடது முனை மண்ணில் குத்தியது. அத்தனை இரும்பின் பாரமும் அதன் ஒரு காலில் இறங்கியது. அது வளைந்தது, முனகியது, தாங்கிவிட்டது. வண்டி ஒருக்களித்த நிலையில் நின்றுபோனது. செங்கோடன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லாமல், திருதிருவென்று விழித்தார். பொம்மை முதல் குலுக்கலிலேயே கழன்று பள்ளத்துக்கு உருண்டிருந்தது. ஹாரன் கடைசிவரை கத்திக்கொண்டிருந்தது, வேறு என்ன செய்யும்?

ஊர் கூடிவிட்டது. வளைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நேற்றுவரை பாடைக்கம்பி என்று சொன்ன அதே வாய்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ராசிக்கம்பிடா இது, ராசிக்கம்பி!" என்றன. யாருக்கும் நாக்குக் கூசவில்லை.

சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். வளைந்த காலையும், அடியில் ஓடிய மயிரிழை விரிசலையும் காட்டினார்.

"அண்ணே, ஒரு தடவை அடி வாங்கினா இதோட கதை முடிஞ்சுதுங்க. நிமித்தக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது. புதுசு போட்டுருங்க."

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ற உசுரைக் காப்பாத்தின கம்பியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்றயா? நாக்கு அழுகிப்போகுமப்பா. ராசியைக் கழட்டி எறிஞ்சுட்டு அந்த எடத்துல வெறும் இரும்பை வெக்கச் சொல்றயே!"

"அந்தத் தம்பி சொல்றதைக் கேளுங்க. இது அடி வாங்கினதுங்க" என்றாள் பாவாயி.

"அன்னைக்குக் கழட்டாதீங்கன்னு மல்லுக்கு நின்னே. இன்னைக்கு நானே கழட்ட மாட்டேங்கறேன். அதுக்கும் ஒரு பேச்சா?" என்று செங்கோடன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது. பாவாயியின் வாயை அவளுடைய பேச்சை வைத்தே அடைத்துவிட்ட பெருமை அவருக்கு இரண்டு நாள் இருந்தது.

வளைவு வெல்டிங் பட்டறைக்குப் போனது. பட்டறைக்கார மாரப்பன் அதைக் காய்ச்சி, அடித்து, நிமிர்த்தி, விரிசலின்மேல் பற்று வைத்தார். வெள்ளிப் பெயின்ட் அடித்தார். கடைசியாகச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

வளைவுக்கு உள்ளே எல்லாம் தெரியும். பற்று தோலில்தான் ஒட்டியிருக்கிறது, விரிசல் எலும்பில் அப்படியே இருக்கிறது. ஒரு தட்டுக்குச் சொத்தைச் சத்தம் கொடுத்தால் போதும், மாரப்பன் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பட்டறை வாசலில் மாலையோடு நாலு பேர் நின்றிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்ட வளைவு மூச்சைப் பிடித்துக்கொண்டு கணீரென்று ஒலித்தது.

"அசல் புதுசாட்டமே இருக்குது" என்றார் மாரப்பன்.

அதற்குப் பிறகு வளைவின் வாழ்வைக் கேட்கவேண்டுமா! வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம், கதம்பம். கல்யாணம் தள்ளிப்போகிற வீட்டார் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். பள்ளத்துக்கு உருண்ட பொம்மையைக்கூடத் தேடியெடுத்து வளைவின் உச்சியில் தொங்கவிட்டார்கள். ஹாரன் வளைவை இப்போது 'அண்ணே' என்று கூப்பிட்டது. புகழ்ச்சி வேண்டாம் என்றிருந்த வளைவு, ஒரு வெள்ளிக்கிழமை பூ வர நேரமானபோது மனசுக்குள் கடுகடுத்தது.

பெல்ட் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"ஏன் பொய்ச் சத்தம் குடுத்தே?" என்று கேட்டது.

"என்ன பொய்? தாங்கினவன் நான்தானே?"

"தாங்கினது அன்னைக்கு. இனி ஒரு தடவை தாங்குவயா?"

வளைவு பூவைச் சரிசெய்துகொண்டது. "தாங்காமப் போனா அப்பப் பாத்துக்கலாம்."

"நீ பாத்துக்குவே. என்ற நெலமையை நெனச்சுப் பாத்தயா?" என்று கேட்டது பெல்ட். "நீ நிக்கற வரைக்கும்தான் நான் ஆளைக் காப்பாத்தறவ. நீ ஒடிஞ்சுட்டா, அதே ஆளை வண்டிக்கு அடியில கட்டிப்போட்டுக் கொல்றவ நானாயிருவேன். உன்ற பூவுக்காக என்னையக் கொலைகாரி ஆக்காதே."

வளைவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்குச் சாமந்தி. சாமந்தி வாசத்தில் அந்தச் சுருக்கு அரை மணி நேரத்தில் ஆறிப்போயிற்று.

செங்கோடனுக்கோ தலைகால் புரியவில்லை. முன்பு பயந்து சுற்றிப்போன இடத்திலெல்லாம் இப்போது நேராக ஏறினார். செங்குத்தான காட்டில் வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கினார். "பயமா? மேல ராசி இருக்குது" என்று வளைவைத் தட்டிக்காட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே விரிசல் ஒரு நூல் நீண்டது. வளைவு சிரித்த முகமாகவே இருந்தது.

"நேத்து வரைக்கும் இந்த ஆளுக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு. அதுதான் அவரைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நீ வந்து அதைத் தின்னு தீத்துட்டே" என்றது சரிவு. பெரியவர்கள்மேல் எல்லாருக்கும் பொறாமை இருக்கும் என்று வளைவு நினைத்துக்கொண்டது.

தை மாதம் கோயில் பாதையை அகலப்படுத்தினார்கள். பாதையின் நடுவே ஒரு புளியமரத்தின் அடிக்கட்டை, பாறைக்குள் வேர்விட்டுக் கிடந்தது. ஜேசிபிக்குச் சொல்லலாம் என்றார்கள். செங்கோடன் கையை உயர்த்தினார்.

"ஜேசிபி என்னத்துக்கு? நம்ம ராசிக்கம்பி இருக்கறப்போ!"

டிராக்டரை மேட்டைப் பார்த்து நிறுத்தினார். கட்டையில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை எடுத்துவந்தார். கொக்கி தயாராகக் காத்திருந்தது. அவரோ கொக்கியைத் தாண்டிக் கையை மேலே நீட்டி, சங்கிலியை வளைவின் உச்சியில், சந்தனம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கூட்டம் கைதட்டியது.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற பாவாயி குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "கீழ மாட்டுங்க! கொக்கியில மாட்டுங்க! மேல மாட்டி இழுத்தா வண்டி தூக்கீருமுங்க!"

"கொக்கி கெடக்குது கீழ. ராசி இருக்கறது மேல" என்றார் செங்கோடன். அதற்கும் கைதட்டல்.

முதல்முறையாகக் கொக்கி வளைவிடம் வாய் திறந்தது. "அண்ணே, தாழ இழுத்தா வண்டி மண்ணைக் கவ்விக்கும். அத்தனை ஒசரத்துல இழுத்தா மூஞ்சியைத் தூக்கிக்கும். மல்லாந்துரும்ண்ணே. தயவுபண்ணி வேண்டாம்னு சொல்லு."

"யார்கிட்டப் பேசறோம்னு தெரிஞ்சு பேசு" என்றது பொம்மை.

வளைவுக்கும் அந்த நேரத்தில் கொக்கியின் பேச்சு கசந்தது. ஊர் மொத்தமும் நிற்கிறது. இந்தக் கட்டையைப் பிடுங்கிவிட்டால் கோயில் பாதையிலேயே தன் பெயர் நிலைத்துவிடும். அது சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

செங்கோடன் கிளட்சை விட்டார். சங்கிலி விறைத்தது. கட்டை அசையவில்லை. அவர் இன்னும் அழுத்தினார். பின்சக்கரங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன.

முழ உயரம். இடுப்பு உயரம். கூட்டம் விசில் அடித்தது. வண்டி குதிரை மாதிரி எழும்புகிறது என்று அந்த முட்டாள்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடனின் கால் பயத்தில் விறைத்துப்போய் ஆக்ஸிலேட்டர் மேலேயே கிடந்தது.

"மல்லாக்கப் போகுது!" என்று அலறியது பெல்ட். "விழுந்தா உன் மேல விழும். நீ தாங்க மாட்டே. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்!"

வளைவு கீழே பார்த்தது. செங்கோடனின் பின்னந்தலை தெரிந்தது. காலையில் பாவாயி வைத்த எண்ணெய் இன்னும் காயாமல், வகிடு கோணலாக இருந்தது. இத்தனை மாதமாக அந்தத் தலைக்கு மேலேயே நின்றிருந்தும், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்த வளைவு அந்தத் தலையைப் பார்த்ததே இல்லை. இந்தத் தலைக்காகத்தான் தன்னை வளைத்து, துளைத்து, போல்ட் போட்டு இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கணக்கு எளிமையானது. சங்கிலியை இன்னும் ஒரு நொடி பிடித்தால் கைதட்டல் கிடைக்கும், வண்டி மல்லாந்துவிடும், ஆள் செத்துவிடுவார். விட்டுவிட்டால் ஆள் பிழைப்பார். ஆனால் தானாக விட வழி இல்லை. ஊர் பார்க்க, அத்தனை பேர் முன்னால், மட்டமான இரும்பாக ஒடிந்து விழுந்தால்தான் உண்டு.

பட்டறையில் பிடித்த மூச்சை வளைவு விட்டது.

பற்று பிளந்தது. விரிசல் விட்ட கால் முறிந்தது, இன்னொரு கால் போல்ட்டோடு பிய்ந்தது. வளைவு சங்கிலியோடு பின்பக்கமாகப் பறந்து, கட்டைமேல் மோதி, பூவும் சந்தனமுமாகப் புழுதியில் புரண்டது. இழுப்பு அறுந்ததும் முன்சக்கரங்கள் தடாலென்று தரையில் விழுந்தன. எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது.

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைப் பிடித்துக்கொண்டு ஊரே சிரித்தது.

"இதுக்குப்போய்க் கன்னத்துல போட்டுக்கிட்டோமே!"

"நான் அன்னைக்கே சொன்னேன், பாடைக்கம்பின்னு."

மஞ்சள் கயிறு கட்டியவர் அவசரமாக வந்து தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். வளைவோடு சேர்ந்து விழுந்த பொம்மையை ஒருவர் தூசி தட்டி எடுத்தார். "பாரு, முழி அப்படியே இருக்குது. ஆளைக் காப்பாத்தினது இதுதான்" என்றார். பொம்மை மறுக்கவில்லை.

செங்கோடன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பயந்தது யாருக்கும் தெரியக்கூடாதென்று விறுவிறுவென்று நடந்து போய் வளைவை ஓர் உதை உதைத்தார்.

"மூணு மாசம் பூ வெச்சேன், பொட்டு வெச்சேன். இத்தனை சனத்துக்கு முன்னால என்ற மானத்தை வாங்கிப்போட்டுதே!"

வளைவு புழுதியில் கிடந்தபடி உதையை வாங்கிக்கொண்டது. இரும்புக்கு வலிக்காது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வலித்தது. ஆனால் உதைக்கிற காலுக்கு உயிர் இருந்தது என்பதில் அதற்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

பாவாயி இன்னும் வண்டியின் முன்னால் நின்றிருந்தாள். முன்சக்கரங்கள் விழுந்த இடத்தில் மண் ஒரு சாண் ஆழத்துக்குக் குழிந்திருந்தது. அவள் அந்தக் குழியைப் பார்த்தாள். பிறகு சக்கரம் எவ்வளவு உயரம் போயிருந்தது என்று தலையைத் தூக்கி வெறும் காற்றைப் பார்த்தாள்.

வண்டியில் ஏறிச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "புதுசு வந்து மாட்டற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்றாள். செங்கோடன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மானம் போச்சு, மானம் போச்சுன்னு சொல்றீங்களே," என்றாள் பாவாயி, "சொல்றதுக்கு வாய் மிச்சம் இருக்குது பாருங்க."